மூன்றும் ஆறும்

பயம் வந்தால் மனுஷன் முதலில் கதவைத் தேடுவான் என்றோ, ஆளைத் தேடுவான் என்றோ மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளரின் பெரியப்பா ஒன்று சொல்வார். எது என்று சரியாக நினைவில்லை. மூச்சிரைக்க மாடிப்படி ஏறும்போது அது அரைகுறையாகப் பொறுப்பாளர் மனதில் ஓடியது.

மாடியில் சூப்பிரண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"ரத்த வங்கி சர்வர் படுத்துடுச்சு! ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தரை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வச்சாச்சு. எந்தப் பை பொருந்தும்னு பார்க்க வழியில்லை. இந்தம்மா என்னடான்னா ஒரு மணி நேரமா ஒரே பட்டனைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எழுந்திருன்னா எழுந்திருக்க மாட்டேங்குது. யார் பண்ண வேலையோ, அவங்க இன்னிக்கே வீட்டுக்குப் போகட்டும்!"

ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்டர். சற்று நேரம் கழித்து இன்னொரு என்டர்.

"என்னம்மா இது?" என்றார் பொறுப்பாளர் எரிச்சலோடு.

"லினக்ஸ் அப்கிரேடு பாதியில நின்னுடுச்சு சார். எல்லாக் கமாண்டும் நம்பியிருக்கிற லைப்ரரில, புதுசு ஏறுறதுக்கு முன்னாடியே பழசு போயிடுச்சு. எந்தக் கமாண்டும் ஓடலை. புதுசா யாரும் உள்ளே நுழைய முடியாது. முன்னாடியே திறந்து வச்ச இந்த ஒரு விண்டோதான் மிச்சம். அஞ்சு நிமிஷம் தொடாம விட்டா இதுவும் தானா மூடிக்கும்."

வெளிநாட்டிலிருந்து திரும்பி, நாற்பத்தெட்டு வயதில் அவர் தேடிப் பிடித்த வேலை இது. நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"நகராதேம்மா. அப்படியே இரு."

அவள் தோளுக்கு மேல் குனிந்து நின்றபடியே கீபோர்டில் டைப் அடித்தார். எதையும் சாராமல் தனியாக ஓடும் குட்டிப் புரோகிராம் ஒன்றுதான் உயிரோடிருந்தது. அதை வைத்துப் புது லைப்ரரியின் தொகுப்பைப் பிரித்து ஏற்ற முயன்றார். அவள் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். தியேட்டர் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

கடைசி என்டர்.

திரையில் கோப்புகளின் பெயர்கள் மடமடவென்று இறங்கின. இரண்டு நிமிடத்தில் ரத்தப் பைகளின் பட்டியலும் வந்துவிட்டது.

சூப்பிரண்டு போனுக்குப் பாய்ந்தார். விவரம் சொல்லிவிட்டு வாசலில் நின்று திரும்பினார். "ரிப்போர்ட் எழுதுங்க. பேரோட வேணும்."

அவர் போனதும், அந்தப் பெண் கீபோர்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

அப்கிரேடு செய்ய வேண்டிய வரிசை. மூன்றாவது, பழைய லைப்ரரியை நீக்கவும். ஆறாவது, புதியதை ஏற்றவும்.

நேற்று அவரே எழுதிக் கொடுத்தது. அவருடைய கையெழுத்துதான்.

"சூப்பிரண்டு இதைப் பார்த்தாரா?"

"இல்ல சார். எவ்வளவோ திட்டினாரு, நான் காட்டலை. நீங்களே சொன்னாத்தானே உங்களுக்கு மரியாதை."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரிப்போர்ட்டில் 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார்.