ஆயிரம் பேருக்கும் ஒரே சூடு

சிரிக்க வைக்கிறேன், ஆனால் உடனே இல்லை. முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

ஒரு சிப்பின் வரைபடத்தில் நாங்கள் ஆயிரம் டிரான்சிஸ்டர்கள். வரைந்தது ஒரே மாதிரிதான். குணம் மட்டும் ஆளுக்கொன்று. சோதிக்க வந்த மென்பொருள், பெயர் ஒத்திகையார், என்னை மட்டும் கேட்டார்: "எவ்வளவு சூடு தாங்குவே?"

"நூறு டிகிரி."

"எல்லாருக்கும் நூறு" என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா, நான் அறுபதுலயே கருகிடுவேன்!" என்று அலறினான் பக்கத்து நோஞ்சான்.

"ஆயிரம் பேரைக் கேக்க நேரமில்லப்பா."

மறுசோதனையிலும் அவர் என்னை மட்டும்தான் கேட்டார்; நோஞ்சான் குரலில் நானே "அறுபது" என்றேன். எல்லாருக்கும் அறுபது விழுந்தது. இவ்வளவு குறைவாகத் தாங்கினால் உதவாது என்று, எங்களை வரைந்த பொறியாளர் வரைபடத்தையே ஒதுக்கிவிட்டார்.

"அநியாயம்! ஒரு நோஞ்சானுக்காக ஆயிரம் பேரையும் தள்ளுறதா? ஒவ்வொருத்தனையும் கேக்க வேண்டாமா?" என்று கொதித்த ஒத்திகையார், தான் சொன்னது தன் காதிலேயே விழ, மெல்ல என் பக்கம் திரும்பினார்.