பட்டறையைத் திருத்திய மேனேஜர்

“ஒருத்தரைக்கூட அதட்டாம எப்படிங்க இவங்ககிட்ட வேலை வாங்குறீங்க?”

முதலாளியம்மா கேட்டதற்கு மேனேஜர் சிரித்து மழுப்பினார்.

அவர் வருவதற்கு முன்னால் அந்த மரச்சாமான் பட்டறை இழவு வீடு மாதிரி இருக்கும். மேஸ்திரி நாள் முழுக்கக் கத்துவார். தச்சர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கடுப்பில் செய்த நாற்காலிகள் உட்கார்ந்தவரை ஆட்டி வைத்தன. ஒரு மேஜையில் இழுப்பறையைத் திறக்க மேஜையையே கவிழ்க்க வேண்டியிருந்தது.

வேறு வழி தெரியாமல் வாசலில் ‘மேனேஜர் தேவை’ என்று பலகை மாட்டினார் முதலாளியம்மா. மறுநாள் காலையிலேயே இவர் வந்து நின்றார். ஆளைப் பார்த்ததும் முதலாளியம்மாவுக்குப் பிடித்துப்போய், அவரை வாயைத் திறக்கவே விடாமல் பட்டறைக்குள் கூட்டிப்போய், இனி எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். திருதிருவென்று விழித்தவர், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

முதல் வேலையாக மேஸ்திரியின் தொண்டைக்கு ஓய்வு கொடுத்தார். மொண்ணையாகிப்போன ரம்பங்களைச் சாணை பிடிக்க அனுப்பினார். இருமிக்கொண்டே கிடந்த பாலிஷ்காரரை ஜன்னலோரம் மாற்றினார். அவரவர் வீட்டுக் கஷ்டத்தையும் காதுகொடுத்துக் கேட்டார். முகம் பார்த்துப் பேசாத இரண்டு தச்சர்களை ஒரே பீரோவைத் தூக்கச் சொன்னார். பீரோவோடு வாசலில் மாட்டிக்கொண்டவர்கள், பேசினால்தான் வெளியே வரமுடியும் என்று ராசியாகிவிட்டார்கள்.

இப்போது மேஸ்திரி பாடுகிறார், அதுவும் சகிக்கும்படி. நாற்காலிகள் நான்கு காலில் நிற்கின்றன. திட்டுவதற்காகப் போன் செய்தவர்களே இன்னொரு மேஜை கேட்கிறார்கள்.

முதலாளியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லி, வேறெங்கும் போய்விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

மேனேஜர் நெளிந்தபடி எழுந்தார்.

“மன்னிச்சுக்குங்கம்மா. ஆர்டர் கொடுத்த கட்டில் வரவே மாட்டேங்குதேன்னு உங்ககிட்ட சண்டை போடத்தான் அன்னைக்கு வந்தேன். பட்டறை இருந்த இருப்பைப் பார்த்ததும், நாமளே இறங்கினாத்தான் உண்டுன்னு புரிஞ்சுபோச்சு. இப்பதான் பாலிஷ் காய்ஞ்சுது. வண்டியில ஏத்திட்டேன், வரேம்மா.”