ஐந்தாவது வாக்கு

ப்ர்னோ நகரில் ஹெத்விகாவுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அவள் ஆராய்ந்த குகைக் கரடி எலும்புகளுக்கு வயது இருபதாயிரம் ஆண்டு என்பது பாடநூல் கணக்கு. நாற்பதாயிரம் என்பது அவள் முடிவு. தேர்வாளர் ஐவரில் பேராசிரியர் ஹ்ருஷ்கா மட்டும் ஒரு மணி நேரமாக அவளைக் குடைந்துகொண்டிருந்தார்.

“எலும்புல சுண்ணாம்பு ஊறியிருந்தா வயசு கூடத்தானே காட்டும்?”

“அமிலத்துல மூணு தடவை கழுவினேன் சார்.”

“கருவியே கோளாறுன்னா?”

“வேற ரெண்டு ஆய்வுக்கூடத்துலயும் அதே வயசுதான் வந்துச்சு.”

ரகசிய வாக்கெடுப்பில் ஐந்து வாக்குகளும் அவளுக்கே விழுந்தன.

நம்ப முடியாமல் ஹ்ருஷ்காவிடம் ஓடினாள். “சார், நீங்களுமா?”

“வேற என்ன செய்ய? என் கணக்கைக் காப்பாத்த ஒரு மணி நேரமா ஓட்டை தேடினேன். ஒண்ணுகூடக் கிடைக்கலையேம்மா!”

அவள் கையைக் குலுக்கியபடி சொன்னார், அந்தப் பாடநூலை எழுதிய ஹ்ருஷ்கா.