மருமகன் தைத்த சப்பாத்து

சச்சிதானந்தனுக்குக் குதிக்கால் இரண்டும் எரிகின்றன. பாண் சுடும் தொழிற்சாலையில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, வோபர்ன் அடுக்குமாடி வீட்டின் யன்னலோரக் கதிரையில் சரிந்திருக்கிறார். நோர்வேயிலிருந்து முதல்தடவையாக வந்திருக்கும் மருமகன் ராகுலன் அவர் முன்னால் முழங்காலில் நின்று, தன் கையால் தைத்த தோல் சப்பாத்தை வீங்கிய காலில் மெல்ல ஏற்றுகிறான். பனிக்கால வெளிச்சத்தில் தையல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

"நூறு வருசத்துக்கு முந்தி ஒரு நோர்வேக்காரன் அமெரிக்காவில தொழில் பழகிவந்து தைச்ச வடிவம், மாமா. இந்தப் பக்கத்துப் பூர்வகுடியளின்ர சப்பாத்தைப் பாத்துத்தானெண்டும் சொல்லுவினம். நோகுதோ?"

"இல்லை."

"நோகாது. 'செருப்புத் தைக்கிறவனுக்கோ என்ர பிள்ளை' எண்டு அண்டைக்குக் குதிச்ச கால் எல்லே!" என்கிறாள் மனைவி மங்கையற்கரசி, குசினிக்குள் நின்றபடி.

ராகுலன் நிமிரவில்லை. பெருவிரல் எங்கே முட்டுகிறதென்று தோலை அழுத்திப் பார்க்கிறான். மெழுகு மணக்கிறது. சச்சிதானந்தன் காலை இழுக்காமல் வாயைத் திறக்கிறார்.

"தேத்தண்ணி குடிச்சனீரோ, தம்பி?"

"ஓம் மாமா."

மகளின் கலியாணத்துக்குப் போகாமல் விட்டதற்கு இவனிடம் அவர் கேட்கவேண்டிய மன்னிப்பு, பதினொரு வருடமாகக் கடனாகவே நிற்கிறது.