பாதிப் பங்கு

"அத்தனை முட்டையும் கூமுட்டையா? யார் காதுல பூ சுத்துற கங்கவ்வா?"

லச்சவ்வாவின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. முட்டை அவளுடையது. அடை உட்கார்ந்தது, அவளை அண்ணி முறை வைத்து 'வதினா' என்றழைக்கும் பக்கத்து வீட்டு கங்கவ்வாவின் கோழி. பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி என்பது ஊர் வழக்கம்.

"நாள் தாண்டியும் அது எந்திரிக்கல வதினா. தீனிக்குக்கூட வராம மெலிஞ்சு போச்சு."

"நல்ல முட்டைய வித்துத் தின்னுட்டு, கெட்டத வெச்சிருப்ப."

மறுநாள் கங்கவ்வா ஒரு கிண்ணம் கறிக்குழம்போடு வந்தாள்.

"குஞ்சுல பாதி குடுக்க முடியல. அந்தக் கோழியவே அறுத்துட்டேன், பாதி இந்தா. இத்தோட நம்ம உறவு தீந்துச்சு."

"திருடிக்கு ரோஷத்தப் பாரு," என்றபடி லச்சவ்வா சோள ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள்.

பட்டணத்திலிருந்து வந்த மருமகள் மௌனிகா, மிச்சக் குழம்பை எடுத்துவைக்கத் தன் சீதன ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"கவலப்படாதீங்க அத்தம்மா. அடுத்த அடைக்கு இப்பவே முட்டை சேக்குறேன். போன தடவ மாதிரியே, இட்ட அன்னிக்கே எடுத்து ஃபிரிட்ஜுல வெச்சிடுறேன். ஒண்ணுகூடக் கெடாது."

லச்சவ்வா எழுந்து வந்து, ஒரு முட்டையை இடது கையில் எடுத்தாள். ஜில்லென்றிருந்தது. இப்படிக் குளிரில் விறைத்த முட்டை எந்தக் கோழி உட்கார்ந்தாலும் பொரிக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

வாயிலிருந்த கறியை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.