தட்டுகிற கைகள்

பருவநிலை மாற்றம் பற்றிய பயத்தைப் பேசித் தீர்க்கும் கூட்டம், ஏசி அறையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. வற்றிய ஏரியில் பொறுக்கிய கூழாங்கல் கைமாறுகிறது. அதை வைத்திருப்பவர் மட்டும் பேச வேண்டும். முடித்ததும் மற்றவர்கள் கைதட்ட வேண்டும். மூடிய ஜன்னல் கண்ணாடியில் வெயில் கொதிக்கிறது. "இந்த உலகத்துல ஒரு புள்ளையப் பெத்து விடறது பாவம்ங்க. நாங்க வேணாம்னுட்டோம்," என்கிறார் பல் மருத்துவர். கைதட்டல் அறையை நிறைக்கிறது. கல் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தையல்காரிக்குப் போகிறது. மடியிலிருந்த பையை அவள் கீழே வைக்கிறாள். ஏழு மாத வயிறு தெரிகிறது. "எனக்கும் பயம்தாங்க. தூக்கமே வர்றதில்ல. ஆனா உள்ள கிடந்து உதைக்குதே, இதுகிட்ட நான் என்னன்னு சொல்றது?" யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பல் மருத்துவர் பழக்கதோஷத்தில் தட்டத் தொடங்க, வட்டம் முழுக்கத் தொற்றிக்கொள்கிறது. அவள் கல்லை நீட்டுகிறாள். எல்லோரும் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்; வாங்க ஒரு கை இல்லை.