அஸ்வந்தின் நகல்

போட்டி கன்சல்டிங் நிறுவனம் ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாக அழைத்திருந்தது. காலைத் தோசைக்குக் காத்திருந்தபடி அஸ்வந்த் தன் மனைவி சுபிக்ஷாவிடம் யோசனை கேட்டான்.

"போகலாம்தான். ஆனா என் நகல் இந்த கம்பெனிக்குச் சொந்தம். அதை இங்கயே விட்டுட்டுத்தான் போகணும்."

அவன் மீட்டிங்கில் இருக்கும்போதெல்லாம் அவன் குரலில் ஆபீஸ் போனை எடுத்துப் பேசுவது கம்பெனி உருவாக்கிய அந்த ஏ.ஐ. நகல்தான். அவன் எப்போதும் மீட்டிங்கில்தான் இருந்தான்.

சுபிக்ஷா அடுப்பைத் தணித்தாள். "அப்போ இனிமே நான் போன் பண்ணா யார் எடுப்பா?"

"நான்தான்."

"நீயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எங்கம்மாவுக்கு எந்த முழங்கால்ல ஆபரேஷன்? சொல்லு."

"வலது... இல்ல, இடது."

"ஆபரேஷனே தேவையில்லைன்னு டாக்டர் சொல்லி ஒரு மாசம் ஆகுது. முதல்ல உன் நகல் இருக்கானே, அவன்கிட்டதான் சொன்னேன். அம்மாகிட்ட நானே பேசட்டுமான்னு கேட்டான், பாவம்."

அஸ்வந்தின் முகம் சுருங்கியது. "அப்போ போக வேண்டாங்கிறியா?"

"ஐயோ, தாராளமா போ. நல்ல சம்பளம்."

தோசையை அவன் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"உன் பழைய ஆபீஸ் நம்பர் மட்டும் அப்படியே இருக்கும்ல?"